முன்தோல்: அவசரப்படுத்தக் கூடாத வளர்ச்சி

ஆண் குழந்தை பிறந்த வீடுகள் பலவற்றில், எண்ணெய்க் குளியலோடு சேர்ந்தே நடக்கும் காரியம் ஒன்று உண்டு. நீட்டிய கால்களில் குழந்தையைக் கிடத்தி, கை கால்களை நீவி, தலையை உருட்டிவிட்டு, கடைசியில் ஆணுறுப்பின் முன்தோலை விரல்களால் பின்னுக்குத் தள்ளி இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார்கள். இப்போதே இழுத்துவிட்டால்தான் பின்னால் தொந்தரவு வராது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நான்கைந்து வயதானதும் அதே குழந்தையை, 'தோல் இன்னும் பிரியவில்லை, சிறுநீர் போகும்போது நுனி உப்புகிறது' என்று மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள். சில வேளைகளில் அது அறுவைச் சிகிச்சையில் போய் முடிகிறது. இரண்டுமே அக்கறையில் பிறந்த செயல்கள்தான். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டுமே தேவையில்லை; முதலாவது தீங்கும்கூட. முன்தோல் பிரிவதற்கு உடல் எடுத்துக்கொள்ளும் காலம், பெற்றோரும் பல மருத்துவர்களும் நினைப்பதைவிட மிக நீண்டது. அந்தக் காலத்தைக் கொடுக்க மறுப்பதால்தான், நோய் இல்லாத இடத்தில் நோயை நாம் உண்டாக்குகிறோம்.

கருவின் மூன்றாம் மாதவாக்கில் ஆணுறுப்பு மொட்டின் அடியிலிருந்து ஒரு தோல் மடிப்பு முன்னோக்கி வளரத் தொடங்குகிறது. நான்காம் மாதம் முடிவதையொட்டி அது மொட்டை முழுதும் மூடிவிடுகிறது. அப்போது முன்தோலின் உட்புறமும் மொட்டின் மேற்புறமும் தனித்தனித் தோல்களாக இருப்பதில்லை. ஒரே செல் அடுக்கைப் பகிர்ந்துகொண்டு நகமும் சதையுமாக ஒட்டியிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே சுத்தம் செய்வதற்கென்று ஓர் இடைவெளியே கிடையாது. பிறந்தபின், அந்தப் பொது அடுக்கின் செல்கள் அங்கங்கே முதிர்ந்து உதிர்கின்றன. சிறு சிறு இடைவெளிகள் தோன்றி, மெல்ல ஒன்றோடொன்று சேர்கின்றன. உதிர்ந்த செல்கள் திரண்டு, வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ முத்துப்போலத் தோலுக்கடியில் தெரியும். இதைப் பார்த்துச் சீழ் என்றும் கட்டி என்றும் அலறியடித்துக்கொண்டு வரும் பெற்றோர் ஏராளம். சிவப்பு, வீக்கம், வலி எதுவும் இல்லாமல் இருந்தால் அது சீழ் அல்ல. பிரிதல் ஒழுங்காக நடந்துகொண்டிருப்பதன் அடையாளம். வழி திறந்ததும் தானே வெளியே வந்துவிடும். ஒட்டு விடுவது ஒரு பக்கம் நடக்க, குறுகலாக இருக்கும் நுனித்துளை நெகிழ்வது இன்னொரு பக்கம் நடக்கிறது. அந்த நெகிழ்ச்சிக்குப் பருவ வயதின் ஹார்மோன்கள் பெரிதும் உதவுகின்றன. ஆகவே இது ஒரே நாளில் முடிகிற காரியமும் அல்ல, எல்லாச் சிறுவர்களுக்கும் ஒரே வயதில் முடிகிற காரியமும் அல்ல.

இவ்வளவு எளிய உண்மையை மருத்துவ உலகம் எண்ணிக்கையோடு பதிவுசெய்தது 1949-ல்தான். அதற்கு முன்பு, முன்தோல் பற்றிய அச்சம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விசித்திரமான எல்லைகளைத் தொட்டிருந்தது. 1870-ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் லூயிஸ் சேர், கால்கள் செயலிழந்த 5 வயதுச் சிறுவனுக்கு முன்தோலை அகற்றி அவனை நடக்கவைத்ததாக அறிவித்தார். அதன்பின் எத்தனையோ நோய்களுக்கு முன்தோலே பழியேற்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில், அதிலும் வசதியான குடும்பங்களில், பச்சிளம் ஆண் குழந்தைகளுக்கு மதக் காரணம் ஏதுமின்றியே விருத்தசேதனம் செய்வது வழக்கமாகியிருந்தது. அந்தச் சூழலில்தான் குழந்தை மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் தன் ஆய்வை வெளியிட்டார். பிறந்த குழந்தைகளில் வெறும் 4 சதவீதத்தினருக்குத்தான் முன்தோல் முழுதாகப் பின்னால் வருகிறது என்றார். ஒரு வயதில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், 3 வயதில் 90 சதவீதத்தினருக்கும் அது பிரிந்துவிடுகிறது என்றும் கணக்குச் சொன்னார். கூடவே ஓர் உறையவைக்கும் தகவலையும் வைத்தார்: 1940-களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்குச் சுமார் 16 சிறு குழந்தைகள் இந்த அறுவைச் சிகிச்சையை ஒட்டி இறந்துகொண்டிருந்தார்கள். இயல்பான ஒரு நிலையைத் திருத்தப் போய், ஆரோக்கியமான குழந்தைகளைப் பறிகொடுத்திருக்கிறார்கள். ஆய்வு வெளிவந்ததற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த அந்நாட்டின் தேசியச் சுகாதாரச் சேவை, மருத்துவக் காரணமற்ற விருத்தசேதனத்தை ஏற்கவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த வழக்கம் அங்கே வேகமாகத் தேய்ந்தது.

கெய்ர்ட்னருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் அவருடைய எண்களே புதிய பிழை ஒன்றுக்கு வழிவிட்டன. '3 வயதில் 90 சதவீதம்' என்ற வரி பாடநூல்களில் குடியேறி, நாளடைவில் ஒரு கெடுவாக மாறிப்போனது. 3 வயது தாண்டியும் பிரியவில்லையென்றால் கோளாறு என்று தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் படித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இந்தக் கெடுவைத் தகர்த்துவிட்டன. டென்மார்க்கின் யாக்கோப் ஓஸ்டர், 6 முதல் 17 வயதுவரையிலான ஏறத்தாழ 2,000 பள்ளிச் சிறுவர்களை ஆண்டுதோறும் பரிசோதித்து, சுமார் 9,500 பதிவுகளோடு 1968-ல் முடிவுகளை வெளியிட்டார். 6-7 வயதுச் சிறுவர்களில் 63 சதவீதத்தினருக்கு முன்தோல் இன்னமும் மொட்டோடு எங்கேனும் ஒட்டியிருந்தது. 16-17 வயதில் அது 3 சதவீதமாகக் குறைந்தது. நுனி இறுக்கம் 8 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாக இறங்கியது. 1996-ல் வெளியான ஜப்பானிய ஆய்வில், 603 சிறுவர்களைப் பார்த்தபோது, 11 முதல் 15 வயதுக்குட்பட்டவர்களிலேயே 63 சதவீதத்தினருக்குத்தான் முன்தோல் முழுமையாகப் பின்னே வந்தது. முன்தோல் முதன்முதலில் பிரிந்து வருவதன் சராசரி வயது 10.4 என்கிறது டென்மார்க்கிலிருந்து பின்னர் வந்த இன்னோர் ஆய்வு. இந்த எண்கள் ஒன்றுக்கொன்று துல்லியமாகப் பொருந்தவில்லைதான். யாரைப் பார்த்தார்கள், எதைப் 'பிரிந்தது' என்று கணக்கிட்டார்கள் என்பதைப் பொறுத்து அவை மாறும். ஆனால் அவை காட்டும் திசை ஒன்றே: வளர்ச்சி பதின்வயதுவரை தொடர்கிறது. 5 வயதுச் சிறுவனின் மூடிய முன்தோலை ஃபைமோசிஸ் (முன்தோல் இறுக்க நோய்) என்று சீட்டில் எழுதும்போது, பெரும்பாலான நேரங்களில் நாம் நோயின் பெயரைச் சொல்லி வளர்ச்சியைக் குறிப்பிடுகிறோம்.

வளர்ச்சியை அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயத்தின் கனம் இருக்கிறது. ஒட்டியிருக்கும் இரண்டு பரப்புகளை வலிந்து பிரித்தால் இரண்டிலும் புண் உண்டாகிறது. நுனியில் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன, ரத்தம் கசிகிறது. சிறுநீர் பட்டாலே எரியும் என்பதால் குழந்தை அடக்கிவைக்கத் தொடங்குகிறது. புண்ணான பரப்புகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும்போது, முன்பிருந்த மென்மையான ஒட்டாக இல்லாமல் வடுவாக ஒட்டுகின்றன. நெகிழ்ந்து விரிய வேண்டிய நுனி, வடுவால் இறுகி வளையமாகிறது. எந்தத் தொந்தரவு வரக்கூடாதென்று இழுத்தார்களோ, அதே தொந்தரவு அந்த இழுப்பாலேயே வந்து சேர்கிறது. இது நவீன மருத்துவம் மட்டும் கண்டது என்று எண்ண வேண்டாம். பண்டைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை முன்தோல் கோளாறுகளை மூன்றாகப் பிரித்துப் பேசுகிறது: துளை அடைபட்டு இறுகுவது, பின்னே போன தோல் திரும்பாமல் சிக்கிக்கொள்வது, பலவந்தத்தால் தோல் கிழிவது. இறுகிய துளைக்கு அது சொல்லும் சிகிச்சையில், நெய் தடவிய குழாயை வைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை சற்றே பெரிய குழாயாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். கருவி இன்று மாறிவிட்டது. ஆனால் இறுக்கத்தைப் படிப்படியாகத்தான் நெகிழ்த்த வேண்டும் என்ற பார்வை அன்றே இருந்திருக்கிறது.

இதற்குப் பெற்றோர் எழுப்பும் முதல் மறுப்பு நியாயமானது. உள்ளே அழுக்கு சேராதா? ஒட்டியிருக்கும் இடத்தில் அழுக்கு சேர இடமே இல்லை. பிரிந்த இடத்தில் சேர்வதோ உடலே உதிர்க்கும் செல்கள். கைக்குழந்தைக்கும் சிறு பையனுக்கும் தேவையானது, குளிக்கும்போது வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவுவது மட்டுமே. சோப்பு நுரையை உள்ளே விடுவது, டெட்டால் கலந்த நீர், பஞ்சு சுற்றிய குச்சி, பவுடர் எல்லாமே மென்மையான அந்தப் பரப்பை எரிச்சலூட்டும். சுத்தத்துக்கென்று செய்த இந்தக் காரியங்களாலேயே சிவந்துபோய் வரும் குழந்தைகளும் உண்டு. டயப்பரை நனைந்தபடியே விட்டுவைக்காமல் மாற்றுவது இவை எல்லாவற்றையும்விடப் பயன் தரும். பையன் வளர்ந்து, தோல் வலியின்றித் தானாகப் பின்னே வரத் தொடங்கியபின், குளிக்கும்போது எவ்வளவு எளிதாக வருகிறதோ அவ்வளவு தூரம் மட்டும் அவனே தள்ளி, தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கடைசிப் படிதான் பலருக்கும் சொல்லித்தரப்படுவதில்லை: தள்ளிய தோலை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பின்னேயே விட்டுவிட்டால் அது மொட்டின் கழுத்தை இறுக்கி, ரத்த ஓட்டத்தைத் தடுத்து, மொட்டை வீங்கவைத்துவிடும். பாராஃபைமோசிஸ் எனப்படும் இந்த நிலை அவசரச் சிகிச்சைக்கு உரியது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் இரவைக்கூடக் கடத்தக் கூடாது.

இரண்டாவது மறுப்பு, சிறுநீர் கழிக்கும்போது நுனி உப்புவது பற்றியது. பார்ப்பதற்கு அடைப்புபோலத் தோன்றுவதால் பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது இதுதான். மொட்டிலிருந்து தோல் பிரிந்து, நுனித்துளை இன்னும் முழுதாக விரியாத இடைக்காலத்தில், சிறுநீர் நடுவே தேங்கி வெளியேறுவதால் இது நிகழ்கிறது. இப்படி உப்பும் சிறுவர்களின் சிறுநீர் வேகத்தையும், சிறுநீர்ப்பையில் மிஞ்சும் சிறுநீரையும் அளந்து 2004-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வு, அடைப்புக்கான தடயம் இல்லை என்று கண்டது. வலியோ தொற்றோ இல்லாத வெறும் உப்பல், காத்திருந்தால் போய்விடும். ஆனால் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒரு நிலை உண்டு. பிறந்ததிலிருந்தே சிறுநீர் தாரையாக வராமல் சொட்டுச் சொட்டாக வடிந்தால், முக்கி முக்கிக் குழந்தை சிறுநீர் கழித்தால், அடிவயிறு புடைத்திருந்தால், பார்க்க வேண்டியது முன்தோலை அல்ல. சிறுநீர்க் குழாயின் உள்ளே பிறவியிலேயே வால்வு போன்ற சவ்வு அடைத்துக்கொண்டிருக்கலாம். உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் விட்டால் சிறுநீரகங்களே பாழாகும். தோலையே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் இத்தகைய குழந்தைகளுக்குச் செய்யும் கெடுதி பெரிது.

அப்படியானால் முன்தோலில் உண்மையான நோயே வராதா என்றால், வரும். லிவர்பூல் நகரின் குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணர் ரிக்வுட் இதைப் பிரித்தறிவதிலேயே பல ஆண்டுகளைச் செலவிட்டவர். அவரும் சக மருத்துவர் ஷங்கரும் 1999-ல் வெளியிட்ட கணக்கின்படி, நோயால் உண்டாகும் உண்மையான இறுக்கம் 15 வயதுக்குள் 0.6 சதவீதச் சிறுவர்களுக்குத்தான் வருகிறது. அதாவது ஆயிரத்தில் ஆறு பேர். இதன் முதன்மைக் காரணம் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய். நுனி வெளுத்து, தடித்து, விறைத்த வளையமாகிவிடும். 5 வயதுக்குக் கீழே அபூர்வம். 9, 10 வயதையொட்டி அதிகம் தென்படும். மெல்லப் பின்னே தள்ளும்போது இயல்பான முன்தோல் பூவாய் விரிந்து உட்புறச் சிவப்பு தெரியும். நோயுற்றதோ விரியாமல் வெண்மையாக நிற்கும். முன்பு பிரிந்துகொண்டிருந்த தோல் பிரிய மறுப்பதும் முக்கியமான எச்சரிக்கை. இந்த நோய்க்கு விருத்தசேதனம் தகுந்த சிகிச்சை. அதைத் தள்ளிப்போட்டால் நோய் சிறுநீர்த் துளைக்கும் பரவலாம். முன்தோல் அழற்சி இன்னொன்று. நுனி சிவந்து வீங்கி, சிறுநீர் கழிக்க எரிந்து, சில நேரம் சீழும் வரும். 2 முதல் 5 வயதுவரை அதிகம் காண்பது இதுதான். வெதுவெதுப்பான நீரில் உட்காரவைப்பதும், மருத்துவர் தரும் களிம்போ மருந்தோ பெரும்பாலும் போதும். ஒருமுறை வந்ததற்காகக் கத்தியை எடுக்க வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வந்து குழந்தையை வாட்டினால் யோசிக்கலாம். வளர்ந்த பையனுக்கு இந்த அழற்சியோ பூஞ்சைத் தொற்றோ மறுபடி மறுபடி வந்தால் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துவிடுவது நல்லது. நீரிழிவு இவ்வளவு பரவியுள்ள தமிழ்நாட்டில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

வடுவில்லாத இறுக்கம் தொந்தரவு தந்தால், கத்திக்கு முன்னால் களிம்பு இருக்கிறது. ஸ்டீராய்டுக் களிம்பை இறுகிய வளையத்தில் மட்டும் நாளுக்கு இருமுறை, 4 முதல் 8 வாரங்கள்வரை, மருத்துவர் காட்டிய விதத்தில் தடவ வேண்டும். 1,395 சிறுவர்களை உள்ளடக்கிய 12 ஆய்வுகளை 2014-ல் தொகுத்துப் பார்த்த, மருத்துவச் சான்றுகளை அலசும் காக்ரேன் அமைப்பின் மதிப்பீடு, மருந்தில்லாத வெறும் பூச்சைவிட இது தெளிவாகப் பலன் தருகிறது என்று கண்டது. பலன் கண்டபின் தினசரிக் குளியலில் தோலை நெகிழ்வாக வைத்துக்கொள்ளாவிட்டால் சிலருக்கு இறுக்கம் திரும்பும். அதற்கு மறுமுறை தடவலாம். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்து மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் கூட்டுக் களிம்பு இதற்கு மாற்று அல்ல. அது தோலை மெலியவைக்கும், தொற்றை மறைத்து வளர்க்கும்.

மூன்றாவது மறுப்பு எல்லாவற்றிலும் வலுவானது. விருத்தசேதனம் செய்த ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று குறைவு என்பது ஆய்வுகள் காட்டும் உண்மை, மறுக்க முடியாது. ஆனால் யாருக்கு எவ்வளவு பயன் என்று கேட்க வேண்டும். சிட்னி மருத்துவர்கள் 2005-ல் செய்த தொகுப்பாய்வு அதைக் கணக்கிட்டுச் சொன்னது. இயல்பான ஆண் குழந்தைக்குத் தொற்று வரும் வாய்ப்பே சுமார் 1 சதவீதம். ஒரு தொற்றைத் தடுக்க 111 குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். அந்த அறுவைச் சிகிச்சையிலேயே 2 சதவீதத்தினருக்குச் சிக்கல் வரலாம் என்று வைத்தால், நட்டம்தான் மிஞ்சும். அதே சமயம், அடிக்கடி தொற்று வரும் குழந்தையென்றால் 11 பேருக்குச் செய்தால் ஒரு தொற்று தடுபடும். சிறுநீர் பையிலிருந்து சிறுநீரகத்துக்கு எதிரேறும் கடுமையான கோளாறு உள்ளவர்களில் அது 4 பேர். ஆகவே எல்லாருக்கும் வேண்டாம், அந்தச் சில குழந்தைகளுக்கு வேண்டும் என்பதுதான் சான்று சொல்லும் பதில். காரணம் புலப்படாத காய்ச்சலோடு பால் குடிக்க மறுக்கும் கைக்குழந்தைக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுவது, நூறு முறை தோலை இழுப்பதைவிட அந்தச் சிறுநீரகங்களைக் காக்கும்.

எச்.ஐ.வி. குறித்த வாதத்தையும் இதே தராசில் நிறுத்த வேண்டும். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா நாடுகளில் நடந்த மூன்று பெரிய சோதனைகள், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பை விருத்தசேதனம் சுமார் 60 சதவீதம் குறைப்பதாகக் காட்டின. அதன் பேரில் உலகச் சுகாதார நிறுவனம் 2007-ல் அதைப் பரிந்துரைத்தது. பரிந்துரை, தொற்று மிகப் பரவலாக உள்ள கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கானது. சோதனைகளில் பங்கேற்றவர்கள் ஒப்புதல் தந்த வளர்ந்த ஆண்கள். சென்னையிலோ மதுரையிலோ ஒரு 4 வயதுப் பையனின் சிகிச்சையை அது முடிவு செய்யாது. ஆணுறுப்புப் புற்றுநோய்க்கும் நாள்பட்ட இறுக்கத்துக்கும் தொடர்பு உண்டு. அது அபூர்வமான, வயதானவர்களைத் தாக்கும் நோய். வளர்ந்தபின்னும் தீராத இறுக்கத்தைச் சரிசெய்வதும், அன்றாடச் சுத்தமும், புகையிலையைத் தொடாமலிருப்பதும் அதற்கு எதிரான காவல்கள். இவற்றையெல்லாம் சீர்தூக்கிய மருத்துவச் சங்கங்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-ல் விருத்தசேதனத்தின் நன்மைகள் ஆபத்துகளை விஞ்சுவதாகச் சொன்னது. நெதர்லாந்து மருத்துவச் சங்கம் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இதை ஊக்குவிக்கலாகாது என்றது. இதில் கவனிக்க வேண்டியது, அமெரிக்கக் கழகமும்கூட எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யும்படி பரிந்துரைக்கவில்லை என்பதே.

மதக் கடமையாக நடக்கும் சுன்னத்தை இந்த வாதத்துக்குள் இழுப்பது சரியல்ல. அது நோய்க்கான சிகிச்சை அல்ல. நம்பிக்கை, சமூக அடையாளம் சார்ந்தது. அங்கே மருத்துவம் சொல்ல வேண்டியது பாதுகாப்பைப் பற்றி மட்டும். பயிற்சி பெற்ற கை, கிருமி நீக்கிய கருவி, மரத்துப்போகச் செய்யும் ஊசி மூன்றும் இருக்க வேண்டும். சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்புறத்தில் அமைந்திருக்கும் ஹைப்போஸ்பேடியாஸ் குழந்தைக்கு முன்தோலை எடுத்துவிடக் கூடாது, ஏனெனில் பின்னால் துளையைச் சீரமைக்க அந்தத் தோலே தேவைப்படலாம். குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். இரண்டு பிள்ளைகளை விருத்தசேதனத்தில் பறிகொடுத்த தாயின் மூன்றாம் பிள்ளைக்குச் செய்ய வேண்டாம் என்று விலக்களித்தது யூதர்களின் சமய நூலான தால்முத். ஹீமோஃபிலியா என்ற பெயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, குடும்ப வரலாற்றைப் பார்க்கச் சொன்ன ஏற்பாடு அது.

காத்திருக்கச் சொல்வதில் உள்ள ஆபத்து ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: காத்திருப்பு மறதியாகிவிடலாம். 6 வயதுவரை அம்மா குளிப்பாட்டுகிறார். அதன்பின் பையன் தானே குளிக்கிறான், கதவு சாத்திக்கொள்கிறது. முன்தோல் பிரியும் முக்கியமான ஆண்டுகள் முழுவதும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் கழிகின்றன. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாயைப் பற்றி எடுத்துச் சொல்ல அம்மாவோ அத்தையோ பள்ளி ஆசிரியையோ இன்று முன்வருகிறார்கள். பையன்களுக்கு இதைப் பற்றி அப்பாவோ மாமாவோ பேசுவது மிகக் குறைவு. அதனால் எரிச்சலையும் வலியையும் வெளியே சொல்லாமல் மறைக்கும் பையன்கள், கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்பு தனியே மருத்துவரைத் தேடும் இளைஞர்களாகிறார்கள். 10 வயதையொட்டி, குளியல் பழக்கத்தைச் சொல்லித்தருவதன் ஒரு பகுதியாக, வீட்டு ஆண்களில் ஒருவர் மூன்று செய்திகளைச் சாதாரணமாகச் சொல்லிவிடலாம். எளிதாக வருமளவுக்கு மட்டும் தள்ளிக் கழுவு. கழுவியதும் முன்னுக்குக் கொண்டுவா. வலித்தாலோ, வெளுத்தாலோ, சிக்கிக்கொண்டாலோ வெட்கப்படாமல் அன்றைக்கே சொல். விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் பையனென்றால் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும். பருவ வயது நன்றாகத் தொடங்கியபின்னும் தோல் சற்றும் நெகிழவில்லையென்றால், ஒரு குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணரிடமோ சிறுநீரக அறுவைச் சிகிச்சை நிபுணரிடமோ ஒருமுறை காட்டலாம். வெண்வடு இல்லாதவரை, 14 வயதிலும் களிம்பிலிருந்து தொடங்க நேரம் இருக்கிறது.